சோள முடிக்குக் கத்தரிக்கோல்

என் முழங்கால்கள் இரண்டும் ஒரே மாதத்தில் ராஜினாமா கொடுத்ததால்தான் நான் தோட்ட வேலையை விட்டேன். அதுவரை கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் செமினியிலும் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் சும்மா கிடந்த துண்டு நிலங்களில், அங்கே குடியிருப்பவர்களைக் கூட்டிவைத்துக் காய்கறி போடவைப்பதுதான் என் பிழைப்பு. இப்போது அந்தத் தோட்டங்களின் வேலிச் சாவி, என் வேலைக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இருக்கிறது. எந்த மண்ணுக்கு எந்த உரம், எத்தனை அடிக்கு ஒரு விதை என்பதெல்லாம் உங்கள் போனே சொல்லிவிடும். என்னைவிடப் பொறுமையாகவே சொல்லும். காலையில் ஒருவர் அழுதுகொண்டே கூப்பிடும்போது முதலில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை அது சொல்லாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விவசாயம் படித்தவள் இல்லை. செமினியில் ஒரு நர்சரியில் பையில் மண் நிரப்பும் வேலைக்குப் போய், பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவள். அங்கே முதலாளி ஒரு சீனர். அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது, சீன முதலாளிகளைக் கூப்பிடுவதுபோல எல்லாருக்கும் அவர் தவுக்கேதான். தமிழ் வேலையாட்களோடு பழகிப் பழகி அவருக்கென்று ஒரு தமிழ் இருந்தது. ஒரு நாள் மிளகாய்க் கன்றுகள் மொத்தமும் தலை தொங்கிக் கிடக்கின்றன என்று நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த கோப்பிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"செடி சாவுறதுக்கே டைம் எடுக்கும் லா. உனக்கு என்னா அவசரம்?"

சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். நான் மனிதர்கள் வாயிலிருந்து விழுவதைச் சேர்ப்பவள். தவுக்கேயின் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே பல வருஷம் சம்பாதித்துவிட்டேன்.

சோளத்தைப் பற்றி நான் சேர்த்துவைத்திருப்பதில் நல்லது ஒன்று பங்சாரில் கிடைத்தது. அங்கே நீச்சல் குளம் வைத்த ஒரு கொண்டோ அடுக்குமாடியில் இருந்த பெண், ஆபீஸ் வேலை பார்ப்பவர், மதில் ஓரமாக அழகுக்கு ஒரே வரிசையில் இனிப்புச் சோளம் போட்டிருந்தார். செடி ஆள் உயரம் வளர்ந்தது, கதிரும் வந்தது. ஒரு கதிரை உரித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"அக்கா, எல்லாம் நல்லா வந்திருக்கு. பல்லு மட்டும் முளைக்கல."

போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று முத்துகள் உட்கார்ந்திருந்தன. சரியான பொக்கை வாய். சோளச் செடியின் உச்சியில் இருப்பது ஆண் பூ. நடுவில் கதிரின் நுனியில் தொங்குகிற முடி, அதுதான் பெண். மேலேயிருந்து தூள் விழுந்து முடியில் படவேண்டும். ஒரு முடிக்கு ஒரு முத்து. முடியில் தூள் படவில்லையென்றால் அந்த இடத்தில் முத்து இருக்காது, கணக்கு அவ்வளவுதான். ஒற்றை வரிசையில் நட்டால் காற்று தூளை எங்கோ கொண்டுபோய்விடும்.

"உங்க சோளத்துக்குக் கல்யாணமே ஆகலம்மா. சீதனம் பூரா ஸ்விம்மிங் பூலுக்குப் போயிடுச்சு," என்றேன். அடுத்த முறை கட்டமாக, நெருக்கமாக நட்டார். பல் முளைத்தது.

இவ்வளவு தெரிந்தால் போதும், இனி நான் சொல்லப்போவது புரியும்.

கிள்ளானில் ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்துக்கும் அதன் பின்னால் ஓடுகிற பெரிய கால்வாய்க்கும் நடுவில் எங்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது. அதில் பரமேஸ்வரி என்கிற பரமு ஒரு பாத்தி வைத்திருந்தாள். அவள் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஷா ஆலமில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்கு ஏஜெண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவளுக்கு அதில் மனசில்லை.

"இனிமே நான் யாருக்கும் பஞ்ச் கார்ட் தட்டமாட்டேன்க்கா. சொந்தமா ஒரு கடை. சின்னதா இருந்தாலும் பரவால்ல," என்பாள்.

அவள் நினைத்திருந்தது அந்த வட்டாரத்தில் வாரத்துக்கு ஒருமுறை கூடும் பாசார் மாலாமில் ஒரு சோளக் கடை. அவித்து, முத்தை உதிர்த்து, வெண்ணெய் போட்டுக் கப்பில் கொடுக்கிற கடை. அந்த இரவுச் சந்தையில் யாருக்கு எந்த இடம் என்று பார்த்துக்கொண்டவர் காதர் பாய். அவரே அங்கே துணிக்கடை போடுகிறவர். பரமு போய்க் கேட்டபோது அவர் நேராகச் சொல்லிவிட்டார்.

"சோளக் கடை ஏற்கெனவே ரெண்டு இருக்கும்மா. மூணாவதும் அதே லோரில வர்ற சோளம்னா நான் எதுக்கு இடம் தரணும்? உங்களுது வேற மாதிரியா?"

"என்னுது நானே போட்டது பாய். காலைல பறிச்சு சாயங்காலம் அவிப்பேன்."

"அப்போ பறிக்கிற அன்னிக்கு என்னைக் கூப்பிடுங்க. சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

இனிப்புச் சோளம் பறித்த நாளிலிருந்தே இனிப்பை இழக்க ஆரம்பிக்கும். அதனால் பரமு சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. முதல் அறுவடை நன்றாக வந்தால் தோட்டத்தில் வேறு சிலரும் தங்கள் பாத்தியில் அவளுக்காகச் சோளம் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வாராவாரம் கடைக்குச் சரக்கு வேண்டுமே. ஆக, அந்த ஒரு பாத்தியைக் காட்டித்தான் அவள் பாயிடமும் இடம் வாங்கவேண்டும், தோட்டக்காரர்களிடமும் நிலம் வாங்கவேண்டும். இல்லையென்றால் ஷா ஆலம் கிடங்கு.

உச்சிப் பூ வந்து, தூள் கொட்டி ஓயத் தொடங்கி, கடைசிக் கதிர்களிலும் முடி எட்டிப் பார்த்த நேரம். ஒரு திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"அக்கா, என் சோளத்துக்கு மொட்டை போட்டுட்டாங்கக்கா."

பத்துமலையில் மொட்டை போடுவார்கள், சோளத்துக்கு யார் போடுவார்கள் என்று என் வாயில் வந்தது. அவள் குரலைக் கேட்டதும் விழுங்கிக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் தோட்டத்தின் வாட்சாப் குழு பற்றி எரிந்துகொண்டிருந்தது. குரங்கு என்றார் ஒருவர். எலி என்றார் இன்னொருவர். சிசிடிவியைப் பாருங்கள், போலீசில் ரிப்போர்ட் போடுங்கள், இனிமேல் யாரையும் நம்பாதீர்கள் என்று வரிசையாக வந்தன. பரமு பாத்தி நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு.

கதிர்களைக் கிட்டே போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் மொட்டை. மடல் நுனிக்கு மேலே முடி ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருந்தது. சலூனில்கூட அவ்வளவு நேராக வெட்டமாட்டார்கள்.

"குரங்குக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது பரமு. இது மனுஷ வேலை."

"அது எனக்கும் தெரியும்க்கா. எந்த மனுஷின்னுதான் தெரியணும். தெரிஞ்சா இங்கியே அவளுக்கும் ஒரு மொட்டை."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் இங்கேதான் சறுக்குவீர்கள். யார் செய்தது என்ற கேள்வி தொண்டையில் வந்து நிற்கும். கூட நிற்கிறவர்களும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் செடிக்கு அந்தப் பதிலால் எந்தப் பிரயோஜனமும் கிடையாது. எனக்கு அப்போது தெரியவேண்டியிருந்தது வேறு: எப்போது வெட்டியது?

ஏனென்றால், தூள் பட்டு ஒரு நாள் கழிந்த முடியை வெட்டினால் ஒன்றும் நஷ்டமில்லை. அதன் வேலை முடிந்துவிட்டது, உள்ளே முத்துப் பிடித்துவிடும். முடி வெளியே வந்த உடனே வெட்டியிருந்தால்தான் ஆபத்து. அதிலும் ஒரு சின்ன நம்பிக்கை உண்டு. தூள் படாத முடி வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டினாலும் மறுநாள் காலையில் பிரஷ் மாதிரி எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் கொடுக்கத் தூள் இருக்கவேண்டும். பரமுவின் செடிகளில் உச்சிப் பூ பெரும்பாலும் கொட்டி முடித்திருந்தது. கிடைக்கிற கொஞ்சத் தூளை எந்தக் கதிருக்குக் கொடுப்பது, எதற்குத் தேவையில்லை என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் தூவினால் எதற்கும் போதாது. உரித்துப் பார்த்தால் தெரியும், ஆனால் உரித்த கதிர் போச்சு.

அதனால் குழுவில் குரல் செய்தி ஒன்று போட்டேன். "யார்னு எனக்கு வேண்டாம். யாரும் யாரையும் கேக்கவும் வேண்டாம். எந்த வரிசைய எந்த நாள் வெட்டினீங்க, வெட்டுறப்போ முடி எப்படி இருந்துச்சு, அது மட்டும் எனக்குத் தனியா சொல்லுங்க. சீக்கிரம் தெரிஞ்சா சோளத்தக் காப்பாத்திடலாம்."

பரமுவுக்கு என்மேல் கோபம். "திருடிக்கு நீங்களே கதவத் தொறந்து விடுறீங்க."

"கதவு தொறந்தாத்தான் உள்ள வருவாங்க. வந்தப்புறம் நீ பேசிக்க."

போனில் பதில் வரவில்லை. ஆளே வந்துவிட்டார். இரண்டாவது மாடி ரெஜினா ஆன்டி, எங்கள் தோட்டத்தில் கீரை போடுகிறவர். என்னைவிட மூத்தவர், மெதடிஸ்ட் சபைக்கு முதல் ஆளாகப் போகிறவர், அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதவர் என்று எல்லாருக்கும் தெரியும். கையில் பழைய செய்தித்தாள் பொட்டலம். பிரித்தால் உள்ளே வெளிர் மஞ்சள் முடி, பட்டு மாதிரி.

"சாமுவேலுக்குக் கிட்னில கல்லும்மா," என்றார் மெல்ல. சாமுவேல் அங்கிள் அவருடைய கணவர். "சோள முடிய அவிச்சுக் குடிச்சா நல்லதுன்னாங்க. சந்தைல குடுக்கிறது காஞ்சு கருத்திருக்கு. இங்க பாத்தா பசுமையா தொங்குது. கீரை மாதிரி வெட்ட வெட்ட வரும்னு நெனச்சேன். சோளத்த நான் தொடவே இல்ல பரமு. முடியத்தான் எடுத்தேன்."

நம் ஊரில் சோள முடித் தண்ணீர் குடிக்காத வீடு குறைவு. ஆனால் எல்லாரும் வாங்கிய சோளத்தை உரித்து அந்த முடியை எடுப்பார்கள். செடியில் நிற்கிற கதிரில் எடுத்தவர் என் அனுபவத்தில் இவர் ஒருவர்தான்.

பரமு வாயைத் திறந்தாள். "ஆன்டி, நீங்க முடிய எடுக்கல. என் கடைய எடுத்துட்டீங்க."

ரெஜினா ஆன்டியின் முகம் சுருங்கிவிட்டது. என்ன கடை, எந்தப் பாய் என்ற கதையே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பரமு சொல்லச் சொல்ல அவர் அந்தப் பொட்டலத்தை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். நான் இடையில் புகுந்தேன்.

"ஆன்டி, அழுறது அப்புறம். எந்த வரிசை முதல்ல?"

"படிக்கட்டுப் பக்கம் இருக்கிறது நேத்து. சர்ச்சுக்குப் போயிட்டு வந்து. இந்தப் பக்கம் ரெண்டும் இன்னிக்கு விடியக்காலை."

"நேத்து வெட்டுனப்போ முடி எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் வாடி, நுனி சிவந்து இருந்துச்சு. அதான் அது நல்லா இல்லைன்னு இன்னிக்கு இதுல வெட்டினேன். இது கையில ஒட்டுச்சு."

எனக்கு வேண்டியது அதுதான். வாடிச் சிவந்தது என்றால் அதில் தூள் பட்டாகிவிட்டது. படிக்கட்டுப் பக்கத்து வரிசைகள் பிழைத்தன. சந்தேகத்துக்கு ஒரு கதிரை மட்டும் உரித்து உலுக்கினேன். முடி உதிர்ந்து விழுந்தது. முத்துப் பிடித்த இடத்தில்தான் முடி தானாகக் கழன்று விழும். இனி கையில் ஒட்டிய அந்த இரண்டு வரிசைகளுக்கு மட்டும் தூள் தேடினால் போதும்.

கடைசியாக விதைத்த அந்த இரண்டு வரிசைதான் பரமு நன்றாக வெயில் படும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தது. பாய்க்கு அவித்துக் கொடுக்க நினைத்திருந்ததும் அதைத்தான்.

இதற்குள் விஷயம் கால்வாயைத் தாண்டிவிட்டது. அக்கரையில் ஒரு மலாய்ப் பெரியவர் பாத்தி வைத்திருந்தார், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் போட்டிருந்தது ஜாகோங் பூலுட், அரிசிக் கஞ்சி மாதிரி ஒட்டுகிற சோளம். இனிப்புச் சோளமும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் பூக்கக் கூடாது. ஒன்றின் தூள் மற்றதில் விழுந்தால் அந்தப் பருவத்திலேயே முத்தின் குணம் மாறிவிடும், இனிப்பு போய் மாவாகிவிடும். அதனால்தான் நாங்கள் பேசிவைத்து, பரமு முதலில் விதைக்க, அவர் பொறுத்து விதைத்தார். பரமுவின் முடியெல்லாம் தூள் பட்டு முடிந்த பிறகுதான் அவருடைய பூ விரியும் என்பது ஏற்பாடு. அன்று காலை அவருடைய உச்சிப் பூக்கள் விரிந்து பொன்னாகத் தூள் கொட்டத் தொடங்கியிருந்தன.

பாக்சிக் நல்ல மனுஷர். பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, "அம்பில் லா, பாஞாக்," என்று தன் பாத்தியைக் கை காட்டினார். நிறைய இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பரமு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துக்கலாம்க்கா. ஏதோ ஒரு முத்து விழுந்தா போதும். கதிர் நெறஞ்சிருந்தாத்தானே பாய் பாப்பார்."

அவள் கேட்டது தப்பில்லை. அன்று அந்தத் தோட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே வழி அது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் நினைக்கிற வழியும் பலிக்காமல் போனால் அவள் கதிர் வெறும் தக்கையாக நிற்கும். அப்படி நின்றால் அதற்குப் பொறுப்பு ரெஜினா ஆன்டி இல்லை, நான். கொஞ்ச நேரம் யோசித்தேன். என் மண்டைக்குள் தவுக்கே உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"பரமு, பாய் பாக்கவா வர்றார், சாப்பிடவா?"

"சாப்பிடத்தான்."

"வரிசையா பல்லு வச்சு, கடிச்சா மாவா இருந்துச்சுன்னா அவர் ஒரு கடியோட எழுந்திரிச்சிடுவார். பொக்கையா இருந்தாலும் இனிச்சா இன்னொரு கடி கடிப்பார். எது வேணும்?"

அவள் கையை விட்டாள். பாக்சிக்கிடம் நன்றி சொல்லி, வேண்டாம் என்றேன். அவருக்குக் காரணம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, அவரும் சோளக்காரர். தலையாட்டிவிட்டு, "கெட்டியா மூடிக்க," என்கிற மாதிரி இரண்டு கையையும் குவித்துக் காட்டினார்.

சரிதான். முதலில் மூடவேண்டும். நாளை முடி எட்டிப் பார்க்கும்போது காற்று கால்வாய்ப் பக்கமிருந்து அடித்தால் நாங்கள் வேண்டாம் என்று சொன்ன தூளே தானாக வந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு கதிருக்கும் தொப்பி போடக் காகித உறை வேண்டும். கடைக்கு ஓடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். ரெஜினா ஆன்டி தன் பொட்டலத்துச் செய்தித்தாளைக் கிழித்து ஒரு சுற்றுச் சுற்றினார். நுனியை மடக்கிக் கூம்பாக என்னிடம் நீட்டினார். அவர் அப்பா கச்சாங் பூத்தே வியாபாரி. கடலையும் முறுக்கும் போட்டுக் கொடுக்கும் கூம்பை அவர் பிள்ளைப் பிராயத்தில் ஆயிரக்கணக்கில் சுற்றியிருப்பார். கதிரின் தலையில் கவிழ்த்தேன். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது.

அவர் சுற்றச் சுற்ற பரமு வாங்கி வாங்கிக் கதிரில் மாட்டி ரப்பர் பேண்டு போட்டாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஆன்டியின் கை நீளுமுன் பரமுவின் கை அங்கே இருந்தது. வேலை நடக்கும்போது சமாதானம் பேசப் போகாதீர்கள். வேலையே அதைப் பேசிக்கொள்ளும்.

இனி தூள். அது எங்கே இருந்தது என்றால், யாரும் மதிக்காத மூலையில். பாத்தியின் ஓரத்தில், தண்ணீர்த் தொட்டி நிழலில், சில செடிகள் வளர்த்தியில்லாமல் குன்றிப்போய் நின்றன. வெயில் போதாமல் எல்லாவற்றுக்கும் பிந்திவிட்டவை. அவற்றின் உச்சிப் பூ அப்போதுதான் இலைக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நாளையோ மறுநாளோ விரியும். அதை நம்பித்தான் நான் பாக்சிக்கிடம் வேண்டாம் என்றேன். வளர்ச்சியில் பிந்திய செடியை அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாமல் விட்டுவைப்பது என் வழக்கம். நீங்களும் விட்டுவையுங்கள்.

மறுநாள் காலை பனி காய்ந்ததும் போனேன். எனக்கு முன்னால் சாமுவேல் அங்கிள் அங்கே இருந்தார். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு வந்து, ஒரு மேசைக் காற்றாடியைப் பாத்திக்கு நேராக வைத்திருந்தார்.

"கேள்விப்பட்டேன் மா. காத்துத்தானே வேணும். மூணாம் நம்பர்ல வைக்கவா?"

மனைவி செய்ததற்கு ஈடுகட்ட வந்திருந்தார், பாவம். அந்தக் காற்றாடி ஓடியிருந்தால் குன்றிய செடிகளில் இருந்த கையளவு தூளும் கால்வாய்க்குப் போயிருக்கும்.

"அங்கிள், அத உங்க பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு நிழல்ல உக்காருங்க. இங்க காத்து வந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"இவளும் இப்படித்தான் மா. நான் எத செஞ்சாலும் உக்காருன்னுதான் சொல்லுவா."

"உக்காந்து தண்ணியக் குடிங்க. அந்தக் கல்லு கரையணும்னா தண்ணிதான் நெறையா குடிக்கணும்," என்றார் ரெஜினா ஆன்டி. அப்புறம் என்னைப் பார்த்து, "முடி வேணாம்னு டாக்டரே சொல்லிட்டார்," என்றார். பரமுவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

கூம்பைத் தூக்கிப் பார்த்தோம். வெட்டிய இடத்திலிருந்து முடி புதிதாக, அடர்த்தியாக, தூரிகை மாதிரி எழுந்து நின்றது. பரமு அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

குன்றிய செடிகளின் பூவைச் சாப்பாட்டுத் தட்டின் மேல் மெல்லத் தட்டினேன். மஞ்சள் பவுடர் மாதிரி கொஞ்சம் விழுந்தது. ஒரு ஸ்பூன் இருக்கும். அதைப் பரமுவின் கையில் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு கூம்பாகத் தூக்கி, முடியில் ஒரு சிட்டிகை தூவி, மறுபடி மூடினாள். இந்த வேலையைச் செடிக்குச் சொந்தக்காரர் கையால் செய்யவிடுங்கள். நீங்கள் செய்தால் ஒருவேளை இன்னும் நன்றாக வரலாம், ஆனால் அடுத்த முறையும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். இப்படியே பூவில் தூள் தீரும் வரை, விட்டு விட்டுச் சில காலைகள். பிறகு செய்ய ஒன்றுமில்லை. முடி கருகும்வரை காத்திருக்கவேண்டும்.

அந்த நாட்களில் பரமு ஒரு முறைகூட உரித்துப் பார்க்கவில்லை. நானாக இருந்தால் பார்த்திருப்பேன். ஷா ஆலம் ஏஜெண்டு மறுபடி கூப்பிட்டபோது, "அடுத்த வாரம் சொல்றேன் பாஸ்," என்றாள். அவர், "உங்களுக்கு எந்த வாரம்தான் அடுத்த வாரம் இல்ல," என்று கேட்டாராம்.

பறிக்கிற நாளும் வந்தது. காலையில் பறித்து, மாலையில் கட்டடத்துக்குக் கீழே அடுப்பு வைத்தாள். காதர் பாய் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் ஏதோ வேலை இருப்பது போல அங்கங்கே நின்றுகொண்டிருந்தார்கள். ரெஜினா ஆன்டி மட்டும் இரண்டாவது மாடியிலேயே நின்றார். வரமாட்டேன் என்றுவிட்டார்.

உரித்துப் பார்த்தோம். படிக்கட்டுப் பக்கத்துக் கதிர்கள் முழுசாக இருந்தன. ஆனால் அங்கே வெயில் குறைவு, கதிர் சிறுத்திருந்தது. நாங்கள் பாடுபட்ட இரண்டு வரிசையில் கதிர் பெரிசு, அடியிலும் நடுவிலும் நிறைந்திருந்தது, நுனியில் பொக்கை. பரமு இரண்டையும் பார்த்தாள். சிறுத்த முழுக் கதிரைக் கொடுத்திருக்கலாம். பொக்கையைத்தான் எடுத்து அவித்துத் தட்டில் வைத்தாள்.

பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, நுனில ஆளையே காணோம்?"

"அது ஒரு கதை பாய். கடிங்க, சொல்றேன்."

அவர் கடித்தார். பரமு கதையை ஆரம்பிக்கவே இல்லை, அவருடைய தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு பக்கம் முடித்து, கதிரைத் திருப்பி, மறு பக்கம் போனார். பொக்கை வரும் இடத்தில் ஒரு தாவு தாவி அடுத்த முத்துக்குப் போனார். தக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்கா?"

அதையும் சாப்பிட்டு முடித்துக் கைக்குட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அந்த ரெண்டு சோளக் கடைக்காரங்க வந்து சண்டை போட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"அவங்களையும் ஒரு கடி கடிச்சுப் பாக்கச் சொல்லுங்க பாய்."

பாய் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "வாய் இருக்கு. யாவாரத்துக்கு அது வேணும். வாராவாரம் சரக்கு வருமா?"

பரமு சுற்றி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். வேலை இருப்பது போல நின்றவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் பாத்தில வெண்டிய எடுத்துடுறேன்," என்றார். இன்னொருவர், "எனக்கு அரைப் பாத்தி இருக்கு," என்றார். மேலே இரண்டாவது மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னுது பூரா எடுத்துக்கச் சொல்லுங்க."

பரமு மேலே பார்த்தாள். "ஆன்டி, அங்கியிருந்து கத்தாதீங்க. கீழ வந்து சாப்பிட்டுப் பாருங்க. எதுல விதைக்கப் போறோம்னு தெரிய வேணாமா."

பாய் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். போகிறவர் போல கிளப்பிவிட்டுத் திரும்பினார்.

"துணிக்கடைக்குப் பக்கத்து மூலை காலியா இருக்கு. என் கடைதான். உங்க ஆவி என் சேலை மேல படக்கூடாது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு அடுப்ப வைங்க."

"வைக்கிறேன் பாய்," என்றாள் பரமு. அவர் போனதும் போனை எடுத்து ஷா ஆலம் ஏஜெண்டைக் கூப்பிட்டாள்.